கலியாண வீடியோவை யார் கையில் கொடுக்கப் போகிறீர்கள்?



எங்கள் பகுதியில் ஒரு கலியாணம் பேசி முடிந்துவிட்டால் அடுத்த நாளே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மண்டபம், சாப்பாடு, சாரி, நகை, சோடனை, அழைப்பிதழ் என்று ஒவ்வொன்றாகக் கொப்பியில் ஏறும். கொப்பியை மூடப்போகும் நேரத்தில் யாராவது ஒருவர், "வீடியோவுக்கு என்ன செய்யிற?" என்று கேட்பார். "அதுக்கென்ன, சாச்சிட மகன்ட போன் நல்ல போன்தானே, அவன் எடுப்பான்" என்று பதில் வரும். அத்தோடு அந்த விடயம் முடிந்துவிடும். இரண்டு மணித்தியாலத்தில் வாடிப் போகும் பூவுக்குக் கொடுக்கின்ற யோசனையில் கால்வாசியைக்கூட, முப்பது வருடம் வீட்டில் இருக்கப்போகும் ஒன்றுக்கு நாம் கொடுப்பதில்லை.

அரபுக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுப்பது எனது தொழில். விடுமுறை நாட்களில் காவின் எழுதும் மஜ்லிஸ்களுக்கும் அழைப்பார்கள். வலியும் மாப்பிள்ளையும் எதிரெதிரே இருக்க, நடுவில் இருப்பவன் நான். ஆகவே கெமராக்காரர்கள் எல்லாரும் எனது முகத்துக்கு நேரேதான் நிற்கிறார்கள். நல்லவரையும் கண்டிருக்கிறேன், சும்மா வந்தவரையும் கண்டிருக்கிறேன். அந்த இடத்தில் இருந்து பார்த்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீடியோ கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவை நான் இங்கு எடுக்கவில்லை. அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பத்துக்கு மாஷா அல்லாஹ், அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. எடுப்பது என்று தீர்மானித்த வீடுகளுக்கு மாத்திரம் சொல்கிறேன்: எடுப்பதென்றால் தொழில் தெரிந்தவரைக் கூலி பேசி, எழுத்தில் உடன்பட்டு எடுப்பியுங்கள். பத்துப் பேர் போனில் பத்துவிதமாக எடுத்து பத்துத் திசையில் போவதைவிட, பொறுப்புச் சொல்லக்கூடிய ஒருவரின் கையில் இருப்பது நன்று. அதிலும் பெண்களாகிய உங்களுக்குத்தான் அது மிகவும் நன்று. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

காவின் மஜ்லிஸ் எவ்வளவு நேரம் என்று எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? குத்பாவை நீக்கிப் பார்த்தால், ஈஜாபும் கபூலும் சில வினாடிகள். ஒரு வாழ்நாள் உறவு அந்தச் சில வினாடிகளில் தொங்கிக் கொண்டிருக்கிறது. அவ்வளவையும் வலி மெதுவான குரலில் சொல்வார். மகளைக் கொடுக்கும் தகப்பனுக்கு உரத்த குரல் எங்கிருந்து வரும்? அடுத்த பக்கத்தில் மின்விசிறி சுற்றும், சஹன் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும், பிள்ளைகள் ஓடும். நான்கு முழத்துக்கு அப்பால் நின்று போனைப் பிடிப்பவரின் பதிவில் மின்விசிறியும் தட்டும் பிள்ளைகளும் மிகத் தெளிவாக விழும். வலியின் வாய் மாத்திரம் அசையும்.

எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு வீடு. மணப்பெண்ணின் வாப்பா அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார். வாப்பாவின் வாப்பாதான் வலி. எண்பதைத் தாண்டிய மனிதர். பொறுப்பை என்னிடம் ஒப்படையுங்கள், நான் சொல்லித் தருகிறேன் என்றேன். "இல்ல மௌலவி, எண்ட மகன் சொல்ல வேண்டியத நாந்தான் சொல்லணும்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி தாமே சொன்னார். சொல்லி முடித்தபோது அவருடைய தாடி நனைந்திருந்தது. அதை உறவுக்காரப் பையன் ஒருவன் போனில் எடுத்தான். அடுத்த ரமழானுக்கு முன் அவர் வபாத்தானார். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை தன் உம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் போனைக் கொடுத்து, "மூத்தவாப்பாட குரல் ஒரு சொட்டும் கேக்குதில்ல. மௌலவி பக்கத்திலதானே இருந்த, அவர் என்ன சொன்னாரெண்டு எழுதித் தருவாரா?" என்று கேட்டிருக்கிறாள். நான் எழுதிக் கொடுத்தேன். எல்லா வலிமாரும் சொல்லுகின்ற அதே வாசகம்தான், அதில் புதிதாக ஒன்றுமில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது வாசகமல்ல என்பது எனக்கும் தெரியும்.

தொழில் தெரிந்தவர் அந்த மஜ்லிஸுக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? மஜ்லிஸ் தொடங்குமுன் வந்து, வலியின் சட்டையில் நெஞ்சுக்கு நேராக விரல் நுனியளவு மைக் ஒன்றைக் குத்தியிருப்பார். மாப்பிள்ளைக்கு ஒன்று. மண்டபத்து ஒலிபெருக்கியிலிருந்தும் ஒரு பதிவு. ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும். நல்ல வீடியோக்காரரைச் சோதிக்க எனக்குத் தெரிந்த இலகுவான கேள்வி இதுதான்: "சத்தத்தை எப்படி எடுப்பீர்கள்?" கெமராவின் பெருமையைப் பேசத் தொடங்குபவரை விட்டு, மைக்கைப் பற்றிப் பேசுபவரைப் பிடியுங்கள்.

இன்னொரு மஜ்லிஸில் ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார். தொழிலாக அல்ல, பொழுதுபோக்காக எடுப்பவர் என்று பிறகு சொன்னார்கள். கபூல் முடிந்து துஆவுக்குக் கையேந்துகிறேன், "மௌலவி, கார்ட் நிறைஞ்சிட்டு, அந்தக் கட்டத்த இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்! மாப்பிள்ளை என்னைப் பார்க்கிறார், வலி என்னைப் பார்க்கிறார். கேக் வெட்டுவதை எத்தனை தடவையும் வெட்டலாம் தம்பி, இது அப்படியல்ல என்று சொல்லி துஆவை ஓதி முடித்தேன்.

அனுபவசாலிகள் இப்படிக் கேட்பதில்லை. அவர்கள் முதல் நாளே வந்து, "குத்பா முடிந்ததும் நேரே ஈஜாபா, இடையில் ஏதும் உண்டா? வலி எந்தப் பக்கம் இருப்பார்? பதிவுப் புத்தகத்தில் கையொப்பம் இடுவது இங்கேயா, பிறகா?" என்று கேட்டுக் கொள்வார்கள். ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகும் கெமரா வைத்திருப்பார்கள். பழைய கெமராக்கள் பல அரை மணித்தியாலத்தில் தாமாகவே நின்றுவிடும் என்பதும், நீண்ட குத்பாவின் நடுவில் அதை மீண்டும் தட்டிவிட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எங்கள் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதற்கேற்பக் கெமராவை வைக்காவிட்டால் மண்டபத்து விளக்குகள் படத்தில் கறுப்புக் கோடு கோடாக ஓடும். இவையெல்லாம் உங்களுக்கோ எனக்கோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவருக்குக் கூலி கொடுப்பது அதற்காகத்தான்.

இனிப் பெண்கள் பகுதிக்கு வருவோம்.

சகோதரிகளே, மணப்பெண்ணை அலங்கரித்து வைத்திருக்கும் அறையை நினைத்துப் பாருங்கள். அங்கே எல்லாரும் பெண்கள். ஆகவே முக்காடு தளர்ந்திருக்கும், சிரிப்பு இருக்கும், குரவை இருக்கும், மாமியும் மச்சியும் ஒருவரையொருவர் கேலி பண்ணிக் கொண்டிருப்பார்கள். அது அவர்களின் உரிமையான நேரம். அந்த அறையில் எத்தனை போன் இருக்கிறது? இருபதா, முப்பதா? ஒவ்வொன்றும் ஒரு கெமரா. எடுத்தவள் நல்ல பிள்ளைதான், கெட்ட எண்ணம் அவளுக்கில்லை. ஆனால் அவள் வட்ஸ்அப்பில் தன் ராத்தாவுக்கு அனுப்புகிறாள். ராத்தாவின் போனில் அது தானாகவே படத்தொகுப்பில் சேமிக்கப்படுகிறது. அந்தப் போனைக் கணவர் பார்க்கிறார், மகன் விளையாட வாங்குகிறான், திரை உடைந்தால் திருத்தும் கடைக்குப் போகிறது. "நான் அழிச்சிட்டேன்" என்று சொன்னாலும், அழித்த படம் அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை கார்டிலிருந்து மீட்கக்கூடியதே. மணப்பெண்ணின் அனுமதியை யாரும் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் தலைவாரிக்கொண்டிருந்த சாச்சியின் அனுமதியையும் யாரும் கேட்கவில்லை.

இதனால் வீட்டில் சண்டை வந்த கதைகள் எனக்குத் தெரியும். தலாக்வரை போன ஒன்றையும் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன்.

ஆகவே என்ன செய்யலாம்? பெண்கள் பகுதிக்குப் பெண் வீடியோக்காரரையே பிடியுங்கள். இப்போது இதைத் தொழிலாகச் செய்யும் சகோதரிகள் நமது சமூகத்திலேயே இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், மரியாதையான ஒரு வருமானம். அவர் ஒருவர் எடுக்கிறார் என்பதனால், "மற்ற யாரும் எடுக்க வேண்டாம், உங்களுக்கும் ஒரு பிரதி தருகிறோம்" என்று வாசலில் நின்று சொல்ல உங்களுக்கு முகம் இருக்கிறது. எடுக்க ஒருவருமில்லாத இடத்தில் அப்படிச் சொன்னால் யார் கேட்பார்கள்? சில வீடுகளில் கூடை ஒன்று வைத்து போன்களை வாங்கி, பெயர் எழுதிய துண்டு ஒட்டி வைப்பதைக் கேள்விப்பட்டேன். வயதான ஒரு மாமியை அந்தக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் எவரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

ஆனால் பெண் எடுத்தால் எல்லாம் சரி என்று இருந்துவிடாதீர்கள். எடுத்ததை வெட்டி ஒட்டித் தொகுப்பது யார்? அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். எடுத்தவர் பெண், ஆனால் நாட்கணக்கில் கணினிக்கு முன்னால் இருந்து ஒவ்வொரு முகத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தொகுப்பவர் நகரத்தில் இருக்கும் யாரோ ஒரு வாலிபர். இதை முன்கூட்டியே கேளுங்கள். பெண்கள் பகுதியைப் பெண்ணே தொகுக்க வேண்டும், அது ஆண்கள் பகுதியோடு கலக்காமல் வேறு ஹார்ட் டிஸ்க்கில் வர வேண்டும் என்று சொல்லுங்கள். நல்ல தொழிலாளி இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். அவருக்கு இது புதிதல்ல.

பிறகு எழுத்து. நமது ஆட்களுக்கு ஒப்பந்தம் என்றாலே கூச்சம், "தெரிஞ்ச பொடியன்தானே" என்பார்கள். தெரிந்த பொடியனோடுதான் எழுதிக்கொள்ள வேண்டும், தெரியாதவனோடு எப்படியும் எழுதுவீர்கள்! உங்கள் கலியாண வீடியோவின் உரிமை உங்களுக்கே என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.  ஆனால் அவர் நீட்டும் அச்சடித்த தாளில், விளம்பரத்துக்காகத் தமது பேஸ்புக்கிலும் யூடியூப்பிலும் போடலாம் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கக் கூடும். வாசித்துப் பார்த்து அந்த வரியைப் பேனையால் வெட்டி, இருவரும் அதன் பக்கத்தில் ஒப்பமிடுங்கள். எத்தனை நாளில் தருவார், மூலப்பதிவுகளையும் தருவாரா, கொடுத்த பின் தம்மிடம் உள்ளதை எப்போது அழிப்பார் என்பவற்றையும் எழுதுங்கள். இதைப் பையன்களிடம் விடாமல் நீங்களே வாசியுங்கள். அதில் இருப்பது உங்கள் முகம்.

"இவ்வளவு பாடுபட்டு எடுத்து யார் பார்க்கப் போகிறார்?" என்று ஒரு ஹாஜியார் என்னிடம் கேட்டார். அவரது வீட்டில் எல்லாரும் மண்டபத்தில் இருந்தார்கள், அதனால் கேட்டார். எங்கள் கிழக்குக் கரையில் எத்தனை வீட்டில் வாப்பா கட்டாரில், காக்கா சவூதியில், உம்மா குவைத்தில்? மகளின் கலியாணத்துக்காகவே குவைத்தில் வீட்டுவேலைக்குப் போய், அந்தக் கலியாணத்துக்கு லீவு கிடைக்காத ஓர் உம்மாவை எனக்குத் தெரியும். போனில் நேரடியாகக் காட்டினார்கள். பாதி நேரம் கூரையும் மீதி நேரம் உறைந்த படமும். அவர் வேலை செய்த வீட்டின் குசினியில் நின்று பார்த்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்து ஊர் வந்ததும் கூலிக்கு எடுத்த வீடியோவை முழுதாகப் போட்டுப் பார்த்தார். மணமேடையையும் மாப்பிள்ளை ஊர்வலத்தையும் ஓட்டிவிடச் சொன்னாராம். மகளுக்கு யார் சாரி உடுத்திவிட்டது, யார் சோறு ஊட்டியது, தன் உம்மா எந்தக் கதிரையில் இருந்தார், குரவை போடும்போது தன் ராத்தாவின் குரல் எது, இவைதான் அவருக்கு வேண்டும். நல்ல வேளையாக எடுத்த பெண், வீட்டாரிடம் முன்கூட்டியே பெயர்ப்பட்டியல் வாங்கியிருந்தார். யார் யார் முக்கியமான பெரியவர்கள், வெளிநாட்டில் இருப்பவருக்கு யாரைக் காட்ட வேண்டும் என்று கேட்டு, ஒரு மூத்தம்மாவையும் விடாமல் எடுத்திருந்தார். நீங்களும் அப்படி ஒரு பட்டியலை எழுதிக் கொடுங்கள். வெளியிலிருந்து வருபவருக்கு, மூலையில் உட்கார்ந்திருக்கும் கிழவிதான் மணப்பெண்ணை வளர்த்தவர் என்று எப்படித் தெரியும்?

செலவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வீண்விரயத்துக்கு நான் பரிந்து பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். ஆகாயத்தில் பறக்கவிடும் டிரோன் வேண்டாம். சினிமாப் பாட்டைப் பின்னால் போட்டு மணமக்களை நடிகர்களாக்க வேண்டாம், மண்டபத்தின் இயற்கையான சத்தமே போதும் என்று சொல்லுங்கள். காவினுக்கு முன்னரே பெண்ணையும் மாப்பிள்ளையையும் கடற்கரைக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கூட்டிப்போய், கைகோர்த்து நிற்கவைத்து எடுக்கிறார்களே, அதைப் பற்றி எனக்குப் பேசவே கூச்சமாயிருக்கிறது. காவின் நடக்கும்வரை இருவரும் அந்நியர் என்பது உங்களுக்குத் தெரியாததா? இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு கெமரா, நல்ல மைக், பெண்கள் பகுதிக்கு ஒரு பெண், ஒழுங்கான தொகுப்பு. சோடனையில் ஒரு வளைவைக் குறைத்தால் பல வீடுகளுக்கு அந்தப் பணம் தேறிவிடும்.

இனி, கைக்கு வந்ததை எங்கே வைப்பது? 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நமது குடும்பங்கள், யாழ்ப்பாணத்தில் இரண்டே மணித்தியால அவகாசத்தில், உடுத்த உடுப்போடு புறப்பட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேரிடம் தங்கள் கலியாணத்தின் ஒரு படம்கூட இல்லை. 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் வந்து போன பிறகு, சேற்றில் கிடந்த அல்பங்களைப் பெண்கள் எடுத்துக் காய வைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே வீட்டு அலுமாரியில் ஒரே ஒரு பிரதி இருப்பது ஒன்றும் இல்லாததற்குச் சமம். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் கேளுங்கள். ஒன்று உங்களிடம், மற்றது வேறு ஊரிலுள்ள, நீங்கள் நம்பும் ராத்தாவிடமோ தங்கச்சியிடமோ. அதில் பெண்கள் பகுதிக்குக் கடவுச்சொல் போட்டுத் தரச் சொல்லுங்கள், தெரிந்தவருக்கு அது சின்ன வேலை.

உங்களில் மூத்தவர்கள் பலரின் கலியாணம் பழைய வீ.எச்.எஸ். கெசட்டில் இருக்கும். இந்த ஈரக் காற்றில் அந்த நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். அதை ஓட்டும் வீ.சீ.ஆர். இயந்திரத்தைக் கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் புனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஓடுகின்ற பழைய இயந்திரம் யாரிடமாவது இருக்கும்போதே கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கும் அதே கேள்வியைக் கேட்க மறவாதீர்கள்: மாற்றும்போது பார்க்கப் போவது யார்? கூடவே ஒருவர் போய் இருப்பதுதான் நல்லது.

கடைசியாக ஒரு சின்ன விடயம். வீடியோ எடுக்க வருபவர் காலை முதல் நின்ற நிலையில் நிற்கிறார். மாப்பிள்ளை வந்து, எல்லாரும் சஹனுக்கு உட்காரும் நேரத்தில் அவரால் உட்கார முடியாது, அப்போதுதான் அவருக்கு அதிக வேலை. பந்தி முடிந்து பார்த்தால் இறைச்சி முடிந்திருக்கும். வட்டிலப்பமும் இருக்காது. மஜ்லிஸ் தொடங்குவதற்கு அரை மணித்தியாலம் முன்பே அவருக்கும் உதவியாளுக்கும், பெண்கள் பகுதியில் எடுக்கும் சகோதரிக்கும் சாப்பாட்டை வேறாக எடுத்துக் கொடுத்துவிடும்படி குசினியில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். தொழுகை நேரத்தையும் அவரிடம் முன்னரே பேசிக்கொள்ளுங்கள். அஸருக்குப் பள்ளியில் இகாமத் சொல்லும்போது மணமேடையில் படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை அவருக்கும் வரக்கூடாது, மாப்பிள்ளைக்கும் வரக்கூடாது.